பேரக் குழந்தைகளைப் பேணுதல்: மேற்கு மாம்பலம் தரும் பாடம்

சென்னை நகரின் நடுவே உள்ள மேற்கு மாம்பலத்தைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்குக் கூறுவானேன் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். காரணம் உண்டு. அங்கே லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. ஆனால் பார்ப்பதற்கு ஏரி இல்லை. மாம்பலத்துப் பெரிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. ஏரி போயிற்றே தவிர, தாழ்ந்த நிலம் தாழ்ந்த நிலமாகவே இருந்தது. சாக்கடை நீர் தேங்கியது, கொசு பெருகியது, மேற்கு மாம்பலம் யானைக்கால் நோய்க்குப் பேர்போன இடமாயிற்று. இந்நிலையில் 1953-ஆம் ஆண்டில் எம். சி. சுப்பிரமணியம் என்னும் சமூக ஊழியர் அங்கே பொது சுகாதார நிலையத்தைத் தொடங்கினார். மிகச் சிறிய அளவில், ஊராரின் ஒத்துழைப்பைக் கொண்டு தொடங்கிய அந்நிலையம் பின்னர்ப் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது.

யானைக்கால் நோய்க்கும் பேரக் குழந்தைக்கும் என்ன தொடர்பு? நெருங்கிய தொடர்பு இருக்கிறது. கால் வீங்குவது நடு வயதில். ஆனால் அந்நோய்க்குரிய புழு உடலில் புகுவது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயாம். பாட்டியின் மடியில் உறங்கும்போது கடித்த கொசுவின் பயனைப் பேரன் முப்பது ஆண்டுகள் கழித்து அனுபவிக்கிறான். வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு எவ்வளவு தொலைவுக்கு நீளுகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நமக்குத் தெரியவில்லை.

யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அழுக்கு நீரில் வளர்வது, இரவில் கடிப்பது. டெங்குச் சுரத்தைப் பரப்பும் கொசுவோ நல்ல நீரில் வளர்வது; பகலில் கடிப்பது. ஆகவே சாக்கடையை மட்டும் சுத்தம் செய்துவிட்டு நிம்மதியாக இருத்தல் ஆகாது. குடிநீர்த் தொட்டி, கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகிய எல்லாம் அதற்கு வீடே. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரம் ஒரு நாள் தொட்டியைக் காலி செய்து, உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவவேண்டும். நீரை மட்டும் கொட்டினால் போதாது; சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தும் மறுபடி நீர் பட்டால் பொரிக்கும். பகலில் உறங்கும் குழந்தைக்கும் கொசுவலை வேண்டும். டெங்குச் சுரம் தணிந்தவுடன் பெரியவர்கள் மகிழ்ச்சி அடைகிறார்கள். அபாயம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் போன்ற மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

மேற்கு மாம்பலத்தில் மகனும் மருமகளும் அலுவலகம் செல்ல, தாத்தா பாட்டியின் பொறுப்பில் குழந்தைகள் வளரும் வீடுகள் பல. கிராமத்திலும் தாய் வயலுக்கோ ஆலைக்கோ சென்ற பின் நிலைமை அதுவே. முதியோர் உள்ள வீட்டில் மாத்திரைகளும் உண்டல்லவா? நாம் அறிந்த ஒரு பாட்டி தம் மாத்திரைகளைச் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்குடன் வைத்திருப்பார். பேத்தி அந்தப் பையைத்தான் விளையாட்டுச் சாமானாகக் கொண்டிருந்தாள்! பெரியவருக்கு அளவான சர்க்கரை நோய் மாத்திரைகளில் சில, ஒன்றே விழுங்கினாலும் சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். மருந்தைப் பூட்டி வைக்கவேண்டும். ‘மிட்டாய்’ என்று சொல்லி எந்த மருந்தையும் ஊட்டலாகாது. குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். அது நுரையீரலில் புகுந்து கேடு செய்யும். உடனே 108-ஐ அழைக்கவேண்டும்.

பாட்டி வைத்தியத்தை நாம் இகழவில்லை. ஆயினும் சில வழக்கங்களை விட்டுவிடுவதே நலம். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் சேனையும் வேண்டா. ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். ஓராண்டு நிறையும் வரை தேன் கூடாது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல் தீது. பேதியாகும் குழந்தையைப் பட்டினி போடுவது எல்லாவற்றிலும் கொடிய வழக்கம். உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் கலந்து சிறிது சிறிதாகப் புகட்டி, தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் தொடரவேண்டும். துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாள் கொடுப்பது, பேதி நின்ற பின்னும் நிறுத்தாமல் கொடுப்பது, அவசியம். தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது என்பது தாய்க்கு மட்டுமன்றிப் பாட்டிக்கும் தெரிந்திருக்கட்டும். புதன்கிழமை கிராம சுகாதாரச் செவிலியர் வரும்போது தாய் வேலைக்குச் சென்றிருந்தால், அட்டையுடன் குழந்தையை எடுத்துச் செல்ல வேண்டியவர் அவரே.

இனித் தண்ணீர். ஒரு வாளி நீரில் தலைகுப்புற விழுந்த ஒரு வயதுக் குழந்தையால் தானே எழ இயலாது, சத்தமும் கேட்காது. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைக்கவேண்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், நிலத்தடித் தொட்டிக்குக் கனமான மூடியும் வேண்டும். இவை வீட்டார் செய்யக்கூடியவை.

பாழ்பட்ட ஆழ்துளைக் கிணறு வீட்டார் பொறுப்புடன் முடிவதன்று. அது பஞ்சாயத்தின் காரியமுமாகும். 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அத்தகைய குழியில் விழுந்தது. பல நாள் முயன்றும் உயிருடன் மீட்க இயலவில்லை. உச்ச நீதிமன்றம் 2010-இலேயே விதிகளை வகுத்திருந்தது: கிணறு தோண்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவித்தல், தோண்டும் இடத்தில் வேலி, குழாயின் வாய்க்கு இரும்பு மூடி, கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்புதல். நிரப்புவதற்கு ஆகும் செலவு சில வண்டி மண்ணே. அதைச் செய்யாமல் சாக்குப்பையால் மூடி வைத்திருக்கும் கொல்லைகள் நம் ஊரில் எத்தனை? அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்கு முன் அங்கத்தினர்கள் தத்தம் வார்டில் நடந்து பார்த்து, சர்வே எண்ணுடன் ஒரு பட்டியல் எடுத்துக் கூட்டத்தில் படிக்கலாம். எந்தக் கொல்லையில் எந்தக் குழி திறந்து கிடக்கிறது என்பது ஊரின் தாத்தாக்களுக்குத் தெரியும். அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.