மேனாட்டு அரங்கேறிய ஐந்தொழிற்கூத்து

'சித்தாந்த தீபிகை' என்னும் ஆங்கிலத் திங்களிதழை ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1897இல் தொடங்கினார்கள். அவ்விதழில் 1912ஆம் ஆண்டு, ஈழநாட்டிற் பிறந்த பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமியவர்கள், கூத்தப்பெருமான் திருநடத்தைக் குறித்து ஒரு கட்டுரை வரைந்தார்கள். பின்னர் 1918இல் நியூயார்க்கு நகரினின்று வெளிவந்த அவர்தம் கட்டுரைத் தொகுதியில் அஃது இடம்பெற்று, அத்தொகுதிக்கே தன் பெயரையும் தந்தது. நம் மடங்களில் ஆசிரியர் மாணவர்க்குச் செவியறிவுறுத்தி வந்த சாத்திரப்பொருள் ஒன்று மேனாட்டுக் கலைஞர் கைக்கு எட்டிய வாயில்களுள் இதுவே தலையாயது. அவ்வாயில் வழிச் சென்ற பொருள் ஆண்டுள்ள ஆடலரங்குகளில் யாதாயிற்று, எது நின்றது, எது நழுவிற்று என்று ஆராய்தலே ஈண்டு எம் கருத்தாம்.

உண்மை விளக்கம் உடைய அன்பர்க்கு யாம் புதிதாகக் கூறவேண்டுவதில்லை. எனினும் பின்வருவதற்கு இன்றியமையாமையின் ஒருசில நினைவூட்டுவாம். மனவாசகங்கடந்தார் திருநடத்தினை ஒரு பொருளில் மட்டும் கூறி அமைந்தாரல்லர். துடியிற் படைப்பும், அமைத்த கரத்திற் காப்பும், அங்கியில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், தூக்கிய திருவடியில் அருளும் வைத்துணர்த்தியது ஒருவகை. அதனையடுத்து, அக்கூத்து உயிரின்மாட்டு நிகழ்த்துவது யாது என்று காட்டியது மற்றொருவகை. துடியொலியான் மாயை உதறப்படுதலும், அங்கியான் வினை சுடப்படுதலும், ஊன்றிய தாளான் மலவலி அமுக்கப்படுதலும், எடுத்த தாளான் உயிர் மேலெடுக்கப்படுதலும், அமைத்த கரத்தான் இன்பக்கடலுள் அழுத்தப்படுதலும் என உரைகாரர் அதனை உறுப்புக்களொடு பொருத்திக் காட்டுவர். முன்னையது உலகின்மேல் வைத்துக் கூறியது. பின்னையது உயிரின்மேல் வைத்துக் கூறியது. இவ்விரண்டனுள் பின்னையதே பயன். அஃதின்றேல் முன்னையது யார்பொருட்டு என்னும் வினா விடையின்றி நிற்கும்.

குமாரசுவாமியவர்கள் இவ்விருவகைச் செய்யுட்களையும் தம் கட்டுரையில் எடுத்தாண்டுள்ளார்கள். ஆகலின் நழுவியது அவர் கையினின்று அன்று.

அமெரிக்க ஆடற்கலைஞராகிய டெட் ஷான் என்பார், தம் மனைவியார் ரூத் செயின்ட் டெனிஸ் அம்மையாரொடும் குழுவினரொடும் 1925, 1926ஆம் ஆண்டுகளில் ஜப்பான், சீனம், பர்மா, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிற் சுற்றி ஆடினார். (அவ்வம்மையார் பாரதநாட்டைக் கண்ணாற் காணாமலே 1906இல் நியூயார்க்கில் 'இராதை' என்றோர் ஆடல் ஆடிப் புகழ்பெற்றவர்.) அப்பயணத்திடையே 1926இல் ஷான் இயற்றியது 'சிவபிரானின் அண்டக்கூத்து' என்னும் தனியாடல். திருவாசி போன்ற பெருவளையம் ஒன்றனை அரங்கின்மேல் நிறுத்தி, அதனுள் நின்று அவர் ஐந்தொழிலையும் முறைப்பட ஆடிக் காட்டினார். வேற்றுச்சமயச் சூழலில் வளர்ந்த ஒருவர், மறைப்பினையும் அருளினையும் விடாது ஐந்தனையும் கொண்டமை பாராட்டற்பாலதே. அவர் நூலைக் கற்றே ஆடினார்.

ஆயின் ஈண்டு ஒரு தடை உளது. அஃது அவர் அயலார் என்பதனால் விளைந்ததன்று. மாந்தர்க்குக் கை இரண்டே. திருவுருவத்தில் துடியும் அங்கியும் அபயமும் வீச்சும் ஒருங்கே நிகழ்கின்றன. ஊன்றுதலும் தூக்குதலும் ஒரே கணத்தன. ஆடுவோன் இவற்றைக் காட்டப்புகின், ஒன்றன்பின் ஒன்றாகவே காட்டல் வேண்டும். அங்ஙனம் காட்டுங்கால், முதலிற் படைத்தான், பின்னர்க் காத்தான், பின்னர் அழித்தான், அதன்பின் மறைத்தான், முடிவில் அருளினான் என ஒரு கதைபோல் அமைந்துவிடும். காண்போர் அருளினைக் கதைமுடிவென்று கருதுவர். சித்தாந்தமோ, மறைத்தலும் அருளே, அழித்தலும் இளைப்பொழித்தலாகிய அருளே என்று, ஐந்தனையும் ஊடுருவி நிற்கும் ஒன்றாக அதனைக் கூறும். கல்லினும் செம்பினும் எளிதில் அமைந்த இவ்வொருமை, காலத்துள் இயங்கும் உடம்பிற்கு எட்டுவதன்று. நம் நாட்டு ஆடன்மகளிர்க்கும் இத்தடை உண்டு. எனினும் உடன்பாடும் பாட்டின் சொற்பொருள் அவர்க்கு ஒருபுடை துணைசெய்யும். ஷானுக்கு அத்துணையும் இல்லை.

இன்னொன்று இதனினும் பெரிது. அவ்வாடலில் ஷான் சிவபிரானாகவே நின்றார். அருள்பெறும் உயிர் அவ்வரங்கில் யாண்டும் இலது. மேற்கூறிய பின்னைய பொருள் நழுவிய இடம் இஃதென்று யாம் கருதுகின்றோம்.

நாளடைவில் இப்பொருள் மேலும் சுருங்கிற்று. பிரித்ஜோப் காப்ரா என்னும் இயற்பியலாளர் 1975இல் வெளியிட்ட நூலில் அணுத்துகள்களின் தோற்ற ஒடுக்கங்களைத் திருநடத்தொடு ஒப்பிட்டார். 2004இல் பாரத அரசினர் ஜெனீவா நகரின் புறத்தேயுள்ள அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்திற்கு நடராசர் திருவுருவம் ஒன்றனை அளித்தனர். ஆண்டு வைத்த பொறிப்பில் குமாரசுவாமியவர்கள் பெயரும் உண்டு. இவை நம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவனவே. ஆயினும் இவ்வொப்புமையில் எஞ்சுவன ஆக்கமும் அழிவும் ஆகிய இரண்டே. அணுவிற்கு மலமில்லை, மலமில்லாததற்கு மறைப்பும் வேண்டா, அருளும் வேண்டா.

இந்நிலையிற் பிறந்தது அக்ரம்கான் என்பார் 2002இல் அமைத்த 'காஷ்' என்னும் ஆடல். அவர் வங்காளதேசத்தினின்று குடியேறிய பெற்றோர்க்கு 1974இல் இலண்டனிற் பிறந்தவர். இளமையிலேயே பிரதாப் பவார் என்னும் ஆசிரியரிடம் கதக்கு ஆடலும், பின்னர்க் கல்லூரியில் மேனாட்டுத் தற்கால ஆடலும் பயின்றவர். 'காஷ்' என்பது இந்துஸ்தானியில் 'அவ்வாறு ஆயிருப்பின்' என்னும் ஏக்கச்சொல். பாரிசு நகரை அடுத்த கிரெத்தேயில் முதன்முதல் அரங்கேறிய இதற்கு இசை வகுத்தவர் நிதின் சாஹ்னி. அரங்கம் வகுத்தவர் சிற்பி அனீஷ் கபூர். இந்துக் கடவுளரும், வானநூலார் கூறும் கருந்துளையும், காலச்சுழற்சியும், ஆக்க அழிவுகளும் இதற்குத் தோற்றுவாய் எனப்பட்டன. ஈண்டும் அவ்விரண்டே பேசப்படுதலை அன்பர்கள் நோக்குவாராக.

ஆடுவோர் ஐவர். இத்தொகையைக் கண்டு ஐந்தொழில் என்று மகிழ்தல் வேண்டா. அவர் அங்ஙனம் கருதினாரென்பதற்கு யாதொரு சான்றுமின்று. ஒருவரும் நடராசத் திருக்கோலம் பூண்டு நிற்பதில்லை. உடுக்கையும் வளையமும் இல்லை. கதக்கு ஆடலின் சுழற்சியும், தபலாச் சொற்கட்டுக்களை வாயான் ஓதுதலும், கையை வாள்போல் வீசி நொடியில் நிறுத்துதலுமே உள. கதக்கில் தாளச்சுற்றின் முதல் மாத்திரை சமம் எனப்படும். எத்துணை விரைந்து விலகினும் ஆடுவோன் அவ்விடத்தே வந்து பொருந்துதல் வேண்டும்; ஒரு சொற்கட்டினை மும்முறை அடுக்கி மூன்றாவதன் ஈற்றெழுத்தை அச்சமத்தில் நிறுத்துதல் அவர்தம் மரபு. சுழற்சியைக் காட்டிலும் அந்நிறுத்தமே காண்போர் நெஞ்சை அள்ளுவது. காலச்சுழற்சி என்று இவர் கூறுவது இக்கணக்கினின்றே பிறந்ததாகலின், அது வெற்றுரையன்று.

அரங்கின் பின்புறத்தே கபூர் அமைத்தது கருநிறச் செவ்வகம் ஒன்று. ஆழமோ பரப்போ தெரியாவண்ணம் அஃது அனைத்தையும் உள்ளீர்ப்பதுபோல் நிற்கும். இதனை ஆணவ இருளென்று கூறலாமோ எனச் சிலர் கேட்கக்கூடும். கூறலாகாது என்பதே எம் துணிபு. புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது. திருவருட்பயன் இருண்மல நிலையில் வகுத்த இவ்வேறுபாடு ஈண்டு நன்கு விளங்கும். கபூரின் கருமை தன்னைக் கருமையென்றே அவையோர்க்குக் காட்டுகின்றது. கருந்துளையும் வானநூலாராற் கணித்தறியப்படுகின்றது. அறியப்படுவதொன்று மூலமலத்திற்கு உவமையாகுமேயன்றி அதுவே ஆகாது.

இனி, யாம் இவ்வாடலைப் பொருட்படுத்தி எழுதியதன் காரணம் கூறுவாம். அவையோர் வந்து அமரும்போதே ஒருவர் அரங்கில் தனித்து நிற்கின்றார். அவர் முதுகு நம்மை நோக்கியும், முகம் அக்கருமையை நோக்கியும் உள்ளன. நெடுநேரம் அவர் அசைவதில்லை. ஷான் இறைவனது இடத்தில் நின்றார். இவரோ நம்மொடு ஒருபுறமாக, காண்போர் வரிசையின் முன்னிற்பார்போல் நிற்கின்றார். தன்னிற் பெரிய ஒன்றன்முன் அதனை இன்னதென்று அறியாது நிற்கும் உயிர் அவ்வரங்கில் தோன்றிவிட்டது. ஆடலின் பெயர் ஏக்கச்சொல்லாய் இருத்தலும் இதனொடு இயைகின்றது. நழுவிய பின்னைய பொருளின் முதற்படி, நூல் வழியன்றி, ஓர் ஆடலாசிரியரின் உணர்வு வழியே மீண்டும் வந்துள்ளது. முதற்படி மட்டுமே என்பதையும் யாம் மறைக்கவில்லை. நிற்கும் உயிர் உளது. எடுக்கும் திருவடி இலது.

சைவரல்லாதார் இப்பொருளைத் தொடுதல் தகாதென்று நம் வட்டத்தார் சிலர் முணுமுணுப்பதுண்டு. தகும், தகாது என்பது பிறப்பினானோ நாட்டினானோ அளக்கப்படுவதாயின், சாத்திரம் உயிர்களெல்லாவற்றின் பொருட்டும் ஐந்தொழில் நிகழ்வதாகக் கூறியது பொருளற்றதாகும். யாம் கேட்பது வேறு. 1912இல் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கட்டுரையையே இன்றளவும் மேனாட்டார் பற்றி நிற்கின்றனர். நம் மடங்களில் உண்மை விளக்கமும் திருவருட்பயனும் உரையொடு நடைபெற்றே வருகின்றன. பாடங்கேட்டோர் பலராயிருந்தும், இவ்விரண்டாம் பொருளை ஆடுவோர்க்கு விளங்குமாறு அயன்மொழியில் எழுத முன்வந்தோர் மிகச் சிலரே. இலண்டனிலோ நியூயார்க்கிலோ ஓர் ஆடலாசிரியர் ஊன்றிய திருவடியின்கீழ் முயலகன் கிடப்பது ஏன் என்று கேட்டு எழுதின், விடையெழுதுவார் யார்?

'காஷ்' 2014இல் மீண்டும் அரங்கேறியது. ஆடினோர் புதியர், முதுகு காட்டி நிற்கும் அம்முதற்காட்சி மட்டும் மாறவில்லை.