கடையில் குழுக் கூட்டம் நடத்தலாமா?



1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கியதிலிருந்து திண்ணை, மரத்தடி, பள்ளிக்கூட வராந்தா என்று கிடைத்த இடத்தில் கூடி வருகிறோம். சரக்கை மொத்தமாக வாங்கி மலிவு விலைக் கடை நடத்தும் குழுக்கள், "கூட்டத்தையும் கடையிலேயே வச்சுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக வச்சுக்கலாம். ஆனால் சில கட்டுப்பாடுகள் வேண்டும்.

நன்மை என்ன?

ஒருவர் வீட்டில் கூடினால் அங்கே வரத் தயங்குகிறவர்கள் இருப்பார்கள். சாதி, பங்காளிச் சண்டை, மாமியார் முகச்சுளிப்பு என்று காரணம் பல. குழுவின் கடை எல்லாருக்கும் பொது. சரக்கும் கண் முன்னே இருக்கும்.

கடைக் கணக்கைச் சத்தமாகப் படியுங்கள்

உதாரணத்திற்கு ஒரு கணக்கு. 50 கிலோ சர்க்கரை மூட்டை 2,100 ரூபாய், ஆட்டோ கூலி 50 ரூபாய் என்று வைப்போம். அடக்கம் கிலோ 43 ரூபாய். 44-க்கு விற்றால் மூட்டைக்கு 50 ரூபாய்தான் லாபம். சிந்தியும், எடை கூடிப் போயும் ஒரு கிலோ குறைந்தால் மிஞ்சுவது 6 ரூபாய். இரண்டு கிலோ கடனாகப் போய்த் திரும்பாவிட்டால் கைநஷ்டம். மலிவுக் கடை நொடிப்பது இப்படித்தான். அதனால் கொள்முதல், விற்பனை, இருப்பு மூன்றையும் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மூட்டையை எண்ணிச் சரிபார்க்கலாம்.

கடன் பாக்கியைக் கதவைச் சாத்திப் பேசுங்கள்

சாமான் வாங்க வந்தவர் காதில், "மூணு தவணை கட்டல" என்று விழுந்தால் போதும், ஊரே பேசும். அந்தச் சகோதரி அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். குழு அவரையும் இழக்கும், பணத்தையும் இழக்கும். எனவே வியாபாரத்தை முடித்துக் கதவைச் சாத்திய பிறகே சேமிப்பு, கடன் பேச்சைத் தொடங்குங்கள். கடைப் பாக்கி எழுதிய பலகையைச் சுவரில் மாட்டாதீர்கள்.

பணம் கலக்கக் கூடாது

கல்லாப்பெட்டி வேறு, குழுப் பணப்பெட்டி வேறு. "சில்லறை இல்ல, அதுல இருந்து எடு" என்பது கூடவே கூடாது. கடைக்குத் தனி நோட்டு போடுங்கள். வங்கி நம் குழுவைத் தரம் பார்க்கும்போது கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு ஆகிய ஐந்தையும் பார்க்கும். கடைக் காசு கலந்தால் கணக்கு குழம்பும், கடன் தள்ளிப் போகும்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் கூட்டத்துக்கு எல்லாரும் தயங்காமல் வர முடிகிறதா?
2. கடைச் சாவியும் குழுப் பெட்டிச் சாவியும் ஒரே கையில் இருக்கிறதா?
3. கடையில் கடன் கொடுக்கலாமா? எவ்வளவு, எத்தனை நாள்?

எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்திடுங்கள்.