பேசிய பின் எழுதுவோம்

"பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு." தொடக்க வகுப்புகளில் கட்டுரை என்றால் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கரும்பலகையில் உள்ளதை வகுப்பு முழுவதும் பார்த்து எழுதும். கையெழுத்து வேறுபடும், கருத்து வேறுபடாது. வீட்டில் மாடு வளர்க்கும் சிறுமிக்கும், மாட்டைச் சாலையில் மட்டுமே கண்ட சிறுமிக்கும் ஒரே கட்டுரைதான். கன்று ஈன்ற இரவில் வீட்டார் விழித்திருந்ததும், சீம்பாலைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்ததும் முதற்சிறுமிக்குத் தெரியும். ஆனால் அவை அவளுடைய நோட்டில் இடம் பெறுவதில்லை. நாளடைவில், தன் வீட்டுச் செய்திகள் எழுதத் தக்கவை அல்ல என்று அவளே முடிவு செய்துவிடுகிறாள். இது சிறிய இழப்பு அன்று.

இந்த இழப்பைக் கண்டு மனம் வருந்தியவர்களுள் ஒருவர் இத்தாலி நாட்டு அருள்தந்தை லோரென்சோ மிலானி. 1954ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் பிளாரன்சு நகருக்கு வடக்கே மலைமேல் உள்ள பார்பியானா என்னும் சிற்றூருக்குப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார். அப்போது அங்கே மின்விளக்கு இல்லை. குழாய்த் தண்ணீர் இல்லை. நல்ல சாலையும் இல்லை. உழவர்களின் பிள்ளைகள் பலர் தேர்வில் தோற்றுப் பள்ளியை விட்டு நின்றிருந்தனர். அவர்களுக்காகத் தந்தை தம் பங்கு இல்லத்திலேயே பள்ளி நடத்தினார். விடுமுறை என்பதே அங்குக் கிடையாது. மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்பித்தனர். செய்தித்தாளை உரக்கப் படித்து, புரியாத சொல்லுக்கெல்லாம் பொருள் கேட்டு விவாதித்தனர். ஏழையையும் செல்வரையும் சமமாக்குவது மொழியே. தன் எண்ணத்தைச் சொல்லவும் பிறர் சொல்வதை உணரவும் தெரிந்தவனே தலைநிமிர்ந்து நிற்பான் என்பது அவர் கொள்கை.

1963இல் மாரியோ லோடி என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் பார்பியானாவுக்கு வந்தார். பியாதேனா என்னும் ஊரில் அவருடைய வகுப்புச் சிறுவர்கள் தாங்கள் கண்டதைப் பேசி, தாங்களே எழுதி வந்தனர். 'சிப்பீ' என்ற சிட்டுக்குருவியின் கதையை அவர் தம் மாணவர்களோடு சேர்ந்தே உருவாக்கினார். பார்பியானா பிள்ளைகள் அந்தச் சிறுவர்களுக்குத் தங்கள் பள்ளியைப் பற்றி ஒரு கடிதம் எழுதினர். அனைவரும் கூடி ஒரே கடிதத்தை எழுதும் முறை அங்கே இவ்வாறு வளர்ந்தது.

அம்முறை எளியது. ஒவ்வொருவரும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வர். தோன்றும் கருத்தைத் தனித் தாளில், ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுவர். பிறகு எல்லாத் தாள்களையும் பெரிய மேசையில் பரப்புவர். ஒரே கருத்து இருமுறை வந்தால் ஒன்றை நீக்குவர். தொடர்புள்ளவற்றைக் குவியல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்பிடுவர். தலைப்பிட முடியாத குவியலில் ஒன்றும் இல்லை, அல்லது பல செய்திகள் கலந்துவிட்டன என்று பொருள். வரிசைப்படுத்தி எழுதிய பின், தேவையற்ற சொல், கடினமான சொல், பொய்யான சொல், நீண்ட வாக்கியம் ஆகியவற்றைத் தேடிப்பிடித்து வெட்டுவர். இறுதியில், அதிகம் படிக்காத ஒருவரை அழைத்துப் படிக்கச் செய்வர். அவருக்குப் புரியாவிட்டால் மீண்டும் திருத்துவர்.

இவ்வாறு எட்டு மாணவர்கள் கூடி எழுதிய நூல் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்'. ஏழைப் பிள்ளைகளைத் தேர்வு எவ்வாறு வடிகட்டி வெளியேற்றுகிறது என்று அது கணக்கிட்டுக் காட்டியது. 1967 மே மாதம் அது வெளிவந்தது; அடுத்த மாதம் 26ஆம் நாள் தந்தை மிலானி இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 44. 2017ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்குச் சென்று அவர் கல்லறையில் செபித்தார்.

இம்முறையை நம் தொடக்க வகுப்புத் தங்கைகளுக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வகுப்புகளில் பேச்சே முதன்மை. "இன்று வரும் வழியில் என்ன கண்டாய்?" என்று கேட்டு, குழந்தை சொல்லும் ஒரு வாக்கியத்தை அவள் சொன்னபடியே ஆசிரியை கரும்பலகையில் எழுதலாம். தன் சொல்லே எழுத்தாக நிற்பதைக் கண்ட குழந்தை அதை ஆவலோடு படிப்பாள்.

மூன்றாம் வகுப்பு முதல் துண்டுத் தாள்களைக் கொடுக்கலாம். 'பள்ளிக்கு வரும் வழி' என்று தலைப்பு வைத்துக்கொள்வோம். பேருந்து நெரிசல், தெருமுனைப் பூக்காரம்மா, மழைநீர் தேங்கும் பள்ளம், குரைக்கும் நாய் என்று தாள்கள் வரும். மகிழ்ச்சி தருவன ஒரு குவியல், அச்சம் தருவன ஒரு குவியல் என்று அவர்களே பிரிக்கட்டும். ஐந்தாம் வகுப்பினர் அச்சம் தரும் குவியலிலிருந்து ஒரு கடிதமே எழுதலாம். தலைமை ஆசிரியைக்கோ, நகராட்சி ஆணையருக்கோ அதை உண்மையாகவே அனுப்பவேண்டும். படிப்பதற்கு ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் எழுத்தில் அக்கறை தானே வரும்.

கலந்துரையாடலுக்கு மூன்று விதிகள் போதும். முதலில் சற்று நேரம் தனியே சிந்திக்கவேண்டும். பின் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லவேண்டும். அதன் பிறகே வகுப்பில் பேசவேண்டும். கூச்சமுள்ள குழந்தைக்கு இந்த நடுப்படி பெரிய துணை. பேச எழுபவள், தனக்கு முன் பேசியவள் என்ன சொன்னாள் என்பதை ஒரு வரியில் கூறிவிட்டுத் தன் கருத்தைச் சொன்னால், செவிசாய்க்கும் பழக்கமும் வளரும்.

"வகுப்பில் இரைச்சல் மிகும்; எழுத்துப் பிழைகள் மலியும்; பாடம் முடியாது" என்று சிலர் அஞ்சலாம். வாரத்திற்கு ஒரு பாடவேளை ஒதுக்கினால் பாடம் கெடாது. பிழைகளைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் கருத்து முழுவதும் வெளிவந்த பிறகு திருத்தவேண்டும். முதல் வரியிலேயே சிவப்பு மையைக் கண்ட பிள்ளை இரண்டாம் வரியை எழுதத் தயங்குவாள். பார்பியானாவிலும் திருத்தம் கடுமையாகவே இருந்தது; அதைச் செய்தவர்கள் பிள்ளைகளே.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். குழந்தை எழுதியதை வாங்கிப் பார்க்கும்போது, மதிப்பெண்ணுக்கு முன் செய்தியைப் படியுங்கள். "பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே அடுத்த கட்டுரைக்கு வித்தாகும்.

குழந்தைகளைத் தம்மிடம் வரவிடுமாறு பணித்தார் நம் ஆண்டவர். வந்தவர்கள் சொல்வதைக் கேட்பதும் நம் கடமையே. மாடு வளர்க்கும் வீட்டுச் சிறுமி, கன்று பிறந்த கதையைத் தன் சொற்களில் எழுதி எல்லோருக்கும் படித்துக் காட்டும் நாள் நம் வகுப்புகளில் வரட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி