நீள இரும்பும் வீண் கௌரவமும்

மதுரையில் ஒருவர் கோல்ஃப் பையை வண்டியில் ஏற்றுகிறார் என்றால், அந்த வண்டி பெரும்பாலும் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குத்தான் போகும். மதுரை வெயில் தாங்காத அமெரிக்க மிஷனரிகள் 1845இல் முதல் பங்களாக்களைக் கட்டிக்கொண்ட ஊர் அது. அங்கே கோல்ஃப் கிளப் 1895இல் வந்தது. மைதானம் பழையது, காட்டெருமை சாவகாசமாக மேய்ந்துவிட்டுப் போகும் புல்வெளி. அங்கே போகிறவர்களின் பையில் இருக்கும் நம்பிக்கைகளும் கொஞ்சம் பழையவைதான். அவற்றில் முக்கியமானது, 2, 3, 4 என்று எண் போட்ட நீள அயர்ன்களைத் தூக்கிப்போட்டுவிட்டு 7-வுட், 9-வுட் வைத்துக்கொள்வது மட்டம் என்ற எண்ணம்.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. அயர்னுக்குத் தகடு போன்ற தலை. எண் குறையக் குறையத் தண்டு நீளும், முகத்தின் சாய்வு குறையும். அந்தச் சாய்வைத்தான் லாஃப்ட் என்கிறார்கள். 7-வுட், 9-வுட் போன்ற ஃபேர்வே வுட்டுக்கு உருண்டு திரண்ட தலை. அது இப்போது உள்ளே வெற்றிடம் கொண்ட உலோகம்.

“7-வுட் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும்.”

இதைச் சொல்பவர்கள் தாழ்ந்த குரலில் சொல்வதில்லை, கிளப் வராந்தாவில் எல்லோர் காதிலும் விழும்படிதான் சொல்வார்கள். ஆனால் 2020 நவம்பரில் மாஸ்டர்ஸ் பட்டத்தை 268 அடிகளில் வென்று, அந்தப் போட்டியின் சாதனையை உடைத்த டஸ்டின் ஜான்சனின் பையில் 7-வுட் இருந்தது. பந்தை மிகத் தூரம் அடிப்பதில் பெயர் வாங்கியவர் அவர். பெண்களைப் பற்றிய பாதியும் இகழ்ச்சியாகச் சொல்ல வேண்டியதல்ல. ஆனிகா சோரன்ஸ்டாம் 7-வுட் வைத்துக்கொண்டுதான் உலகை ஆண்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை போன பெங்களூருப் பெண் அதிதி அசோக், களத்தில் இருந்தவர்களில் மிகக் குறைந்த தூரம் அடிப்பவர்களில் ஒருவர். மற்றவர்கள் சின்ன அயர்னால் அடிக்கும் இடத்திலிருந்து பெரிய மட்டையால் அடித்தும் பதக்கத்துக்கு ஒரே ஓர் அடி தள்ளி நின்றார். இவரைப் பார்த்தா “பெண்கள் மட்டை” என்று உதட்டைப் பிதுக்குவது?

இந்தக் கௌரவம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். 1950இல் மெரியான் மைதானத்தின் கடைசிக் குழியில் பென் ஹோகன் 1-அயர்னால் அடித்த புகைப்படம் உலகெங்கும் கிளப் சுவர்களில் தொங்குகிறது. 1972இல் பெபிள் பீச்சின் 17ஆம் குழியில் ஜாக் நிக்லாஸ் 1-அயர்னால் அடித்த பந்து கொடிக்கம்பில் பட்டு நின்றது. மறக்க முடியாத அடிகள்தான். ஆனால் அவை ஏன் நினைவில் நிற்கின்றன? வேறு யாராலும் அப்படி அடிக்க முடியாது என்பதால். மின்னல் தாக்கிப் பிழைத்த லீ ட்ரெவினோ, இடி இடிக்கும்போது 1-அயர்னை உயர்த்திப் பிடித்தால் போதும், அதைக் கடவுளால்கூட அடிக்க முடியாது என்று கேலி பேசினார். இன்று அந்த மட்டையைக் கடையில் தேடினாலும் கிடைப்பது அரிது.

“வுட் தூரத்துக்கு, அயர்ன் குறிக்கு.”

இதுதான் எல்லாவற்றிலும் ஆழமாக வேரூன்றியது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியதும் இதுவே.

அயர்ன் குறி தவறாது என்பது பந்து முகத்தின் நட்டநடுவில் பட்டால்தான். மெல்லிய தகட்டில் எடை முழுவதும் முகத்தை ஒட்டியே இருக்கிறது. பந்து விளிம்பில் பட்டால் தலை திரும்பிவிடும், வேகமும் திசையும் சேர்ந்து போகும். வுட்டில் எடை பின்னாலும் கீழேயும் பரவிக் கிடக்கிறது. பழனிக்குக் காவடி எடுத்தவர்களுக்கு இது புரியும்: இரு முனையிலும் பாரம் இருந்தால் சட்டென்று திருப்ப முடியாது. போதாததற்கு வுட்டின் முகம் இடவலமாகச் சற்றுப் புடைத்திருக்கும். முனையில் பட்ட பந்து வெளியே கிளம்பி, சுழற்சியால் நடுவை நோக்கி வளைந்து வரும். தகட்டு முகத்துக்கு அந்தத் தயவு இல்லை.

குறி என்பது இடவலம் மட்டும் அல்ல, முன்பின்னும்தான். 180 கெஜத்துக்கு அப்பால் இருக்கும் கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில், பந்து விழுந்தால் போதாது, நிற்கவும் வேண்டும். அதற்கு உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்க வேண்டும். எடை கீழே இருப்பதால் வுட் பந்தை எளிதாக மேலே அனுப்புகிறது. சராசரி ஆட்டக்காரரின் 3-அயர்ன் அடி தாழ்வாகப் போய், கிரீனில் விழுந்து, பின்னால் இருக்கும் புதரில்தான் ஓய்வெடுக்கும்.

வேகம் குறைவாக வீசுபவருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. நீள அயர்ன் வேலை செய்ய வேகம் வேண்டும். அது இல்லாதவர் கையில் 3, 4, 5 மூன்று அயர்ன்களும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும். மூன்று மட்டை சுமந்து ஒரு மட்டையின் பலனைப் பெறுகிறார். விதிப்படி பையில் 14 மட்டைகளுக்கு மேல் கூடாது, அதில் இரண்டை இப்படி வீணடிக்கிறார்.

“7-வுட்டும் 7-அயர்னும் ஒரே தூரம்.”

இல்லை. 7-வுட்டின் சாய்வு சுமார் 21 பாகை, அது 3-அயர்னின் இடத்துக்கு வருவது. 9-வுட் சுமார் 24, அது 4-அயர்னுக்குப் பதில். எண்களை நம்பி வாங்காமல், அடியில் பொறித்த பாகையைப் பார்த்து வாங்குங்கள். அயர்ன்களின் எண்ணும் அப்படியே இல்லை: தூரம் கூடுவதாகக் காட்ட, கம்பெனிகள் ஆண்டுக்காண்டு சாய்வைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. அப்பா காலத்து 4-அயர்னை நன்றாக அடித்தவர் புது செட்டின் 4-அயர்னில் தடுமாறினால், அது கையின் குறையல்ல. கையில் இருப்பது பழைய கணக்கில் 2-அயர்ன்.

இதன் மறுபக்கமும் உண்டு. வுட் என்றாலே சுலபம் என்று நினைத்து 15 பாகை 3-வுட்டைத் தரையிலிருந்து அடிக்கப் போகாதீர்கள். பலருக்கு அது 3-அயர்னைவிடத் தொல்லை.

“கொடையில் காற்று லேசு, எந்த மட்டையும் தூரம் போகும்.”

முன்பாதி சரி. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. மதுரையின் 40 டிகிரி மதியத்திலேயே காற்று லேசாகத்தான் இருக்கும், கொடையின் 15 டிகிரிக் காலை அதைவிடவும் ஏறக்குறைய 15 சதவீதம் லேசு. தடை குறைவதால் பந்து தூரம் போகிறது. ஆனால் பந்தைத் தூக்கிப் பிடிப்பதும் அதே காற்றுதான், சுழலும் பந்துக்கு ஏற்றம் தருவது அதுவே. காற்று லேசானால் பந்து சமவெளியில் எழுவதைவிடத் தட்டையாகவே பறக்கும். ஏற்கெனவே தாழப் போகும் 3-அயர்ன் இன்னும் தாழப் போகும். கூடுதல் சாய்வுக்கு மலையில் வேலை அதிகம். மழைக்காலத்து ஈரப்புல்லில் அயர்னின் கூர் விளிம்பு சிக்குவதையும், வுட்டின் உருண்ட அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணுக்கால் உயரப் புல்லில் இரண்டுமே உதவாது, குட்டை மட்டையால் வெளியே எடுப்பதே புத்தி.

“உயரப் போனால் காற்று அடித்துக்கொண்டு போகும்.”

இதில் உண்மை இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லும் நாடு நம்முடையது. ஆண்டிப்பட்டிப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. எதிர்க்காற்றில் உயரப் பந்து நின்றுவிடும். வேகமாக வீசுபவர், தாழ்வாக அடிக்கத் தெரிந்தவர், கெட்டித்தரையில் பந்தை உருளவிட விரும்புபவர் ஆகியோருக்கு நீள அயர்ன் இன்னும் நல்ல மட்டை. அவர்கள் அதைக் கழற்ற வேண்டியதில்லை.

ஆனால் வுட்டால் தாழ அடிக்க முடியாது என்பது தவறு. 2008இல் ராயல் பர்க்டேலில் நடந்த ஓபன் போட்டியின் காற்று பெரிய பெரிய ஆட்டக்காரர்களைத் திணற அடித்தது. கடைசி நாளில் 17ஆம் குழியில் பாட்ரிக் ஹாரிங்டன் எடுத்தது 5-வுட். பந்து கொடிக்கு மிக அருகில் நின்றது, ஈகிள் (குழிக்கு வகுத்த கணக்கைவிட இரண்டு அடி குறைவு) கிடைத்தது, பட்டமும் கிடைத்தது.

எது உங்களுக்கு என்று தெரிய, இரண்டு மட்டையாலும் பத்துப் பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மிகத் தூரம் போன பந்தை ஒதுக்கிவிடுங்கள். அதை நினைத்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மிச்ச ஒன்பதும் எவ்வளவு இடத்தில் சிதறிக் கிடக்கின்றன, அதில் எத்தனை கிரீனில் நின்றிருக்கும் என்று எண்ணுங்கள். சிதறல் குறைந்த மட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, மற்றதை வீட்டில் விட்டுவிட்டு மலையேறுங்கள்.