தென்னாப்பிரிக்கத் தமிழ் உழவர் குடிவழி: நமக்கு ஒரு பாடம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவசாலை ஒன்றை அது விவரிக்கின்றது. அங்கே வைத்தியம் பார்த்தவர் கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டன் என்பவர். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரும் அவர் பெயரை நாம் அறிகின்றோம். ஏனெனில் அது எழுதப்பட்டது. நம் பாட்டனாரின் பாட்டனார் பெயர் யாது என்று கேட்டால், நம்முள் எத்தனை பேர் சொல்ல வல்லோம்? எழுதி வைப்பதாலும் எழுதாது விடுவதாலும் ஒரு குடும்பத்துக்கு நேர்வது என்ன என்பதை, தென்னாப்பிரிக்காவில் பயிர்த்தொழில் செய்த தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றைக் கொண்டு இம்மாதம் ஆராய்வோம்.

முதல் தலைமுறை

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் நாட்டால் நாட்டின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தோர் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை, இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்றனர். இவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். வட ஆற்காடு ஜில்லாவினர் மிகுதி. நமது பழைய செங்கற்பட்டு ஜில்லாவினரும் உளர்.

பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு உழைக்க ஒப்புக்கொண்டவர்கள். முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் உயர்ந்து ஐந்தாமாண்டில் 14 ஷில்லிங். வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. அவ்வெண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியன எழுதப்பட்டன. இப்பதிவேடு தொழிலாளர் நலனுக்காக எழுதப்பட்டதன்று. ஓடிப் போனவரைப் பிடிக்கவும் கூலிக் கணக்குப் பார்க்கவும் எழுதப்பட்டது. ஆயினும் இன்று பேரர்களுக்கும் கொள்ளுப் பேரர்களுக்கும் அதுவே வேராக நிற்கின்றது. தம் முன்னோரின் எண்ணை அறிந்தவர் கிராமத்தையும் அறியலாம். எண்ணை அறியாதவர் ஒரே பெயருடைய நூற்றுக்கணக்கானவர்களிடையே தேடி அலைய வேண்டியதே.

இரண்டாம் தலைமுறை

ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் டர்பனைச் சுற்றிச் சிறு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தனர். சோளம், புகையிலை, காய்கறி, பழம் ஆகியன பயிரிட்டு நகரச் சந்தைக்குக் கொண்டு சென்றனர். கணவன் மண்ணைக் கொத்த, மனைவி நீர் இறைக்க, பிள்ளைகள் களை பறிக்கக் குடும்பம் முழுவதும் உழைத்தது. பத்தாண்டு முடித்தவர், தாய்நாடு திரும்பும் இலவசப் பயணத்துக்கு ஈடாகச் சர்க்கார் நிலம் பெறலாம் என்ற விதியும் சில காலம் இருந்தது. 1891இல் அது நீக்கப்பட்டது.

பின்னர் வந்தது 1895ஆம் ஆண்டுச் சட்டம். அதன்பின் ஒப்பந்தத்தில் வந்து, காலம் முடிந்தும் அங்கேயே தங்குவோர் ஆண்டுக்கு 3 பவுன் வரி செலுத்த வேண்டும் என்று அது விதித்தது. 3 பவுன் என்பது 60 ஷில்லிங். ஐந்தாமாண்டுக் கூலியைக் கொண்டு கணக்கிட்டாலும் நான்கு மாத உழைப்புக்கு மேற்பட்ட தொகை. 1903இல் பதினாறு வயது நிரம்பிய மகனுக்கும் பதின்மூன்று நிரம்பிய மகளுக்கும் இவ்வரி விரிந்தது. தாய், தந்தை, வயது வந்த மகன், மகள் ஆகிய நால்வர் கொண்ட வீட்டுக்கு ஆண்டுக்கு 12 பவுன் ஆயிற்று!

இதனினும் கொடியது 1913 மார்ச்சில் வந்த ஒரு தீர்ப்பு. கிறிஸ்துவ முறைப்படி நடந்து பதிவு பெறாத திருமணங்கள் செல்லா என்று நீதிபதி சியர்ல் கூறினார். தாலி கட்டி வாழ்ந்த மனைவி, சட்டத்தின் கண்ணில் மனைவியல்லள். அவள் பெற்ற மக்கள் வாரிசுகளும் அல்லர். இதனை எதிர்த்துப் பெண்களே சிறை புகுந்தனர். அவர்களுள் ஒருவர் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் நோயுற்ற அவர், விடுதலையான சின்னாட்களில் 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தார். அவ்வாண்டே வரியும் ஒழிந்தது. நம்மவர் திருமணங்களும் சட்டத்தின் ஒப்புதல் பெற்றன. பெற்றோரின் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு நின்றமையால், அவர் வேர் எங்கென்று உலகம் அறிகின்றது. சென்னையில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருப்பது நெசவாளராகிய நமக்குப் பெருமை.

பெயர் மாறிய விதம்

நம் வழக்கில் தந்தை பெயர் முன்னெழுத்தாகும், தலைமுறைதோறும் மாறும். அங்கேயோ எழுத்தர் எழுதியது குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. பெருமாள் மகன் முனுசாமி எனக் கொள்வோம். முனுசாமியின் மகனும் பேரனும் கொள்ளுப் பேரனும் ‘முனுசாமி’ என்றே குடும்பப் பெயர் பூண்டனர். முதலியார் ‘மூட்லி’ ஆனார். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார். ஆகவே குடிவழி தேடுவோர் பெயரை மட்டும் நம்பாமல், எண், ஊர், தந்தை பெயர் ஆகிய மூன்றையும் ஒத்துப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாம் தலைமுறையும் அதன் பின்னும்

1950ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டம், எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று கோடு கிழித்தது. டர்பனை அடுத்த கேட்டோ மேனரில் வீடும் தோட்டமும் உடையவராயிருந்த இந்தியக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1991இல் அச்சட்டம் நீங்கிற்று. 1994இல் நில உரிமை மீட்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1913 ஜூன் 19க்குப் பின் இனச் சட்டங்களால் நிலம் இழந்தவரோ, அவருடைய நேர் வழித்தோன்றல்களோ 1998 முடிவுக்குள் முறையிடலாம் என்றது அது. இழந்தவர்களிற் பலர் அதற்குள் காலமாகிவிட்டனர். நேர் வழித்தோன்றல் என்று நிறுவுவது எங்ஙனம்? பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளும் பழைய பத்திரங்களும் அன்றோ பேச வேண்டும்! பாட்டி பெட்டியில் போற்றி வைத்த ஒரு தாள், ஒரு குடும்பத்தின் உரிமைக்குச் சாட்சியாகும் நிலை வந்தது.

நாம் செய்ய வேண்டுவது

நமது சங்கத்தின் அங்கத்தினர் பதிவேடும் இத்தகைய ஆவணமே. அங்கத்தினர் இறந்தபின் பங்குத் தொகை யாரைச் சேரவேண்டும் என்பதை நியமனப் பத்திரத்தில் குறிக்க வழி உண்டு. அதனை நிரப்பாது விடுவோர் தம் மக்களை அலைய விடுகின்றனர். ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களையும், பிறந்த ஊரையும், நிலத்தின் சர்வே எண்ணையும், பங்கு எண்ணையும் எழுதி வைப்பாராக. பாவு ஓடும் தறியிலும் நாற்று நடும் வயலிலும் சரிபாதி உழைக்கும் பெண்களின் பெயர்களை, பிறந்த வீட்டு விவரத்துடன் தவறாது எழுதுக. வீட்டில் முதியவர் இருக்கும்போதே கேட்டு எழுதுக. நாளை என்று தள்ள வேண்டா.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நமது குடும்பத்தில் எத்தனை தலைமுறைப் பெண்களின் பெயர்களை நாம் அறிவோம்?

2. சங்கப் பதிவேட்டில் நம் பெயரும் தந்தை பெயரும் பிற பத்திரங்களில் உள்ளவாறே உள்ளனவா?

3. நியமனப் பத்திரத்தில் குறித்தவர் இன்றும் உயிரோடு உள்ளாரா? இல்லையெனில் மாற்றி எழுதினோமா?