மீன் அறுத்துட்டுப் போன டிப்பெட்

போன மே மாசம் இன்டர்ன்ஷிப்புக்காக இமாச்சல்ல இருக்குற மண்டிக்குப் போயிருந்தேன். லேப்ல பிஎச்டி பண்ற திருநெல்வேலி அண்ணன் ஒருத்தர்தான் ஒரு ஞாயித்துக்கிழமை என்னை தீர்த்தன் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனார். மீன்வளத் துறை லைசென்ஸ், ஒரு பழைய ஃப்ளை ராடு, ரெண்டு பரோட்டா பார்சல். அவ்வளவுதான் எங்க சாமான். ட்ரவுட் மீனை அதுக்கு முன்னாடி நான் நேர்ல பார்த்ததே இல்ல. (நம்ம நீலகிரியில அவலாஞ்சிப் பக்கமும் ட்ரவுட் இருக்குன்னு எனக்கு அங்க போய்த்தான் தெரிஞ்சது. வெட்கம்தான்.)

மூணாவது வாரம் ஒரு மீன் கடிச்சது. முழங்கை நீளம் இருக்கும், ப்ரவுன் ட்ரவுட். ஒரு பாறையைச் சுத்தி ஓடுச்சு, ராடு வளைஞ்சது, அப்புறம் ஒண்ணுமே இல்ல. நரம்பு அறுந்து மேல பறக்குது. முள்ளும் ஒரு முழம் நரம்பும் மீன் வாயிலேயே போயிடுச்சு.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ரெண்டே கேள்வி: "எத்தன எக்ஸ் போட்ட? முடிச்சு இறுக்கும்போது எச்சி தொட்டியாலே?"

"7எக்ஸ் ஃப்ளூரோகார்பன்ணே. எச்சி... தொடலண்ணே."

அந்த ஸ்பூலை வாங்கினது நான்தான். ஆன்லைன்ல "தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது, வேகமா மூழ்கும்"னு போட்டிருந்தது. ரெண்டுமே சயின்ஸ் மாதிரி தெரிஞ்சது, வாங்கிட்டேன். காலேஜ் திரும்பினதும் அந்த ரெண்டு வரியையும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல சின்ன அறிமுகம். ஃப்ளை ஃபிஷிங்ல புழு கிடையாது. முள்ளு மேல நூலும் இறகும் கட்டி பூச்சி மாதிரி செய்றாங்க, அதுதான் ஃப்ளை. எடையே இல்லாத அந்த ஃப்ளையை எறிய, தடிமனான ஃப்ளை லைன்தான் எடை கொடுக்குது. அந்த லைனோட நுனியில லீடர், லீடரோட கடைசியில ரொம்ப மெல்லிசா ஒரு துண்டு நரம்பு. இந்தக் கடைசித் துண்டுதான் டிப்பெட். நிம்ஃப் என்பது மேஃப்ளை மாதிரி பூச்சிகளோட இளம் பருவம். ஆத்துக் கல்லுக்கு அடியில ஒட்டிக்கிட்டு வாழும், சில சமயம் பிடி நழுவி ஓட்டத்துல அடிச்சுட்டு வரும். ட்ரவுட் சாப்பாட்டுல பெரும்பகுதி தண்ணிக்கு அடியிலதான். அதனால நிம்ஃப் ஃப்ளை ஆத்தோட தரைக்குப் பக்கத்துல, தரைத் தண்ணியோட வேகத்துலேயே மிதந்து வரணும். கொஞ்சம் வேகமா வந்தாலும் மீன் அதைச் சீண்டாது.

இப்ப ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ஞாபகம் வரணும். (நான் அதுல ஜஸ்ட் பாஸ். இருந்தாலும் சொல்றேன்.) ஆத்துல தரையை ஒட்டி வேகம் கம்மி, மேல வேகம் அதிகம். நிம்ஃப் கீழ மெதுவான தண்ணியில நிக்குது, டிப்பெட் அதுக்கு மேல இருக்குற வேகமான தண்ணியைக் குறுக்கே வெட்டிட்டு ஏறுது. அந்த வேக வித்தியாசம் டிப்பெட்டைப் பிடிச்சுத் தள்ளும், டிப்பெட் நிம்ஃபை இழுக்கும். நிம்ஃப் ஃபிஷிங்ல டிப்பெட் பத்தின முக்கியமான பிரச்சனையே இந்த இழுவைதான்.

இப்போ "வேகமா மூழ்கும்". நைலானோட அடர்த்தி சுமார் 1.14, ஃப்ளூரோகார்பன் சுமார் 1.78. வித்தியாசம் பெருசா தெரியுதுல்ல? 0.15 மி.மீ. விட்டத்துல ஒரு மீட்டர் எடுத்துக்கோங்க. தண்ணி தூக்கிவிடுறதைக் கழிச்சா நைலானுக்கு மிஞ்சுற எடை சுமார் 2.5 மில்லிகிராம், ஃப்ளூரோகார்பனுக்கு சுமார் 14. அஞ்சு மடங்குக்கும் மேல! ஆனா நிம்ஃப் தலையில 3 மி.மீ. டங்ஸ்டன் மணி ஒண்ணு கோத்திருப்பாங்க. அதோட எடை மட்டும் ஏறக்குறைய 200 மில்லிகிராம். மூழ்க வைக்கிற வேலையை மணிதான் செய்யுது. நரம்பு கொடுக்குற 14 மில்லிகிராம், கூட்டத்துல நின்னு கை தட்டுற மாதிரிதான்.

சரி, தண்ணி தள்ளுற விசை எவ்வளவு? 60 செ.மீ. நரம்பு தண்ணிக்குள்ள, வேக வித்தியாசம் நொடிக்கு 0.3 மீட்டர்னு வச்சுக்கலாம். முழு நீளத்துக்கும் அதே வித்தியாசம்னு எடுத்தா அது கொஞ்சம் மோசமான கேஸ்தான், பரவாயில்ல. ரெனால்ட்ஸ் நம்பர் 40 பக்கம் வரும், உருளைக்கு டிராக் கோஎஃபிஷியன்ட் 1.6 சுமாருக்கு. போட்டுப் பார்த்தா 0.15 மி.மீ. நரம்புக்கு வர்ற விசை கிட்டத்தட்ட 660 மில்லிகிராம் எடைக்குச் சமம். மணியோட எடையைவிட மூணு மடங்கு! இதைப் பார்த்ததும் நான் ரெண்டு தடவை யூனிட் செக் பண்ணேன். சரியாத்தான் இருக்கு. இந்த ஃபார்முலாவுல நரம்பு எந்த மெட்டீரியல்னு ஒரு இடத்துலயும் கேக்கல. விட்டம் மட்டும்தான் இருக்கு.

அப்படின்னா மெல்லிசா போயிட்டே இருக்கலாமே? நான் அப்படித்தான் 7எக்ஸ் வாங்கினேன். இந்த எக்ஸ் கணக்கு பட்டுப்புழுக் குடல்ல இருந்து நரம்பு செஞ்ச காலத்துல வந்தது. அச்சுல ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அது மெல்லிசாகும், அந்த எண்ணிக்கைதான் எக்ஸ். இன்னைக்கு 11-லேருந்து எக்ஸைக் கழிச்சா ஆயிரத்துல எத்தனை பங்கு இன்ச்னு கிடைக்கும். 5எக்ஸ்னா 0.006 இன்ச், அதாவது 0.15 மி.மீ. 7எக்ஸ்னா 0.004 இன்ச், 0.10 மி.மீ. அதே கணக்குல 0.10 நரம்புக்கு இழுவை 500 மில்லிகிராம் பக்கம் வருது. மெல்லிசு ஆக ஆக டிராக் கோஎஃபிஷியன்ட் ஏறுறதால, விட்டம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சும் இழுவை நாலுல ஒரு பங்குதான் குறையுது. ஆனா வலிமை விட்டத்தோட வர்க்கத்துல போகுது. 0.15-லேருந்து 0.10 போனா வலிமை பாதிக்கும் கீழ! நாலுல ஒரு பங்கு இழுவையை மிச்சம் பிடிக்க பாதி பலத்துக்கு மேல கொடுத்திருக்கேன். அந்த மீனோட வாயில இருக்குற முள் இந்த பேரத்தோட விலை.

"கண்ணுக்குத் தெரியாது" விஷயத்தைச் சுருக்கமா முடிச்சிடலாம். தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பன் 1.42, நைலான் 1.53 சுமார். ஃப்ளூரோகார்பன் தண்ணிக்குக் கிட்ட இருக்கு, சமமா இல்ல. கம்மியா தெரியும், மறையாது. குளம் மாதிரி தெளிஞ்சு நிக்குற தண்ணியில இது உதவலாம். பனி உருகி நுரைச்சு ஓடுற மே மாசத் தீர்த்தன்ல இதுக்காகக் காசு கொடுக்கத் தேவையில்லன்னு நான் நினைக்கிறேன்.

அப்போ ஃப்ளூரோகார்பன் வேஸ்ட்டா? இல்ல. விளம்பரம் முன்னாடி நிறுத்தாத காரணத்துக்காக அது நல்ல நரம்பு. இது பிவிடிஎஃப் பாலிமர், 1971-ல ஜப்பானோட குரேஹா கம்பெனி தூண்டில் நரம்பா கொண்டு வந்தது. தண்ணியைக் குடிக்கவே குடிக்காது. நைலான் குடிக்கும். பாலிமர் பேப்பர்ல படிச்சிருப்போமே, அமைடு குரூப் தண்ணியோட ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கும்னு. ஊறின நைலான் இளகி, கூடுதலா நீளும், பலமும் கொஞ்சம் இறங்கும். காலையில கட்டினதும் மதியம் இருக்கிறதும் ஒரே நரம்பு இல்ல. ஃப்ளூரோகார்பன் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கும். நிம்ஃப் எப்பவும் கல்லுலயே உரசிட்டுப் போறதால, அதோட கடினமான மேல்பரப்பும் உதவும். நைலானுக்கு வெயிலும் ஆகாது. போன வருஷ ஸ்பூலைக் கையால இழுத்துப் பார்த்துட்டுத்தான் நம்பணும்.

ஆனா முடிச்சு விஷயத்துல ஃப்ளூரோகார்பன் மன்னிக்காது. முடிச்சை இறுக்கும்போது நரம்பு மேல நரம்பு உரசி சூடாகும், பிளாஸ்டிக்ல அந்தச் சூடு சீக்கிரம் வெளிய போகாது. நைலான் 6 உருகுறது 220 டிகிரி பக்கம், பிவிடிஎஃப் 170 பக்கத்துலேயே உருகிடும். மேல்பரப்பு வேற கடினமா வழுக்குது. அண்ணன் எச்சி பத்திக் கேட்டது இதுக்குத்தான். ஈரப்படுத்திட்டு, மெதுவா, ஒரே இழுப்பா இறுக்கணும். அறுந்து வந்த என் நரம்போட நுனி முடி கருகின மாதிரி சுருண்டிருந்தது. அன்னைக்கு அது என்னன்னு எனக்குப் புரியல.

இன்னொரு விஷயம், இதை எல்லாரும் செய்யலாம். மெட்ராலஜி லேப்ல டிஜிட்டல் மைக்ரோமீட்டர் சும்மாதானே கிடக்கு. என்கிட்ட இருந்த ஸ்பூல்களை லேப் சாரைக் கேட்டு அளந்தேன். ராட்செட் திருகித்தான் அளக்கணும், இல்லன்னா நரம்பு நசுங்கி கம்மியா காட்டும். 7எக்ஸ் சரியா 0.10. ஆனா "மத்த 5எக்ஸைவிட ஸ்ட்ராங்"னு லேபிள் போட்டிருந்த ஒரு நைலான் 0.17 காட்டுச்சு. பத்து இடத்துல அளந்தேன், அதேதான். 0.15-க்கும் 0.17-க்கும் குறுக்குவெட்டுப் பரப்புல 28 சதவீதம் வித்தியாசம். ஸ்ட்ராங்கா இருக்காம என்ன செய்யும்? எந்த கம்பெனின்னு எழுத வேண்டாம்னு எடிட்டர் சொல்லிட்டான். பவுண்டு கணக்கைப் பார்த்து வாங்காதீங்க, மி.மீ. பாருங்க.

ஃப்ளை சைஸை மூணால வகுத்தா எக்ஸ் வரும்னு ஒரு பழைய சூத்திரம் இருக்கு. சைஸ் 14-க்கு 5எக்ஸ் பக்கம். மேல மிதக்குற ஃப்ளைக்கு அது சரி. எடை வச்ச நிம்ஃபுக்கு ஆழமும் வேகமும்தான் முடிவு பண்ணணும்.

என்னைக் கேட்டா, மலையாத்து வேகத்துக்கு 5எக்ஸ் ஃப்ளூரோகார்பன். நிம்ஃப் தரையைத் தொடலன்னா நரம்பை மெலிக்கிறதுக்கு முன்னாடி மணியை 3.5 மி.மீ. ஆக்குங்க. எடை விட்டத்தோட கனத்துல ஏறும், ஒன்றரை மடங்குக்கு மேல கிடைக்கும், நரம்போட பலம் ஒரு துளி குறையாது. அதுவும் பத்தலன்னா 6எக்ஸ். 7எக்ஸ், சின்ன மீன் மட்டும் இருக்குற தெளிஞ்ச ஓடைக்கு. டிப்பெட்டை ஆழத்தைவிட நீளமா, ஒரே தடிமன்ல விடுங்க. தடிச்ச லீடர் தண்ணிக்குள்ள இறங்கினா மேல போட்ட கணக்கு முழுக்க வீண். லீடர் நைலானாவே இருக்கட்டும், அது தண்ணிக்கு வெளியதான் இருக்கப் போகுது. ரெண்டு மெட்டீரியலையும் நேரா முடியாம நடுவுல ஒரு சின்ன டிப்பெட் வளையம் போட்டுக்கலாம்.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின வாரம் திரும்பவும் போனோம். அண்ணனோட 5எக்ஸ், எச்சி தொட்ட முடிச்சு. ஒரு ஜாண் மீன் ஒண்ணு வந்தது, தண்ணிக்குள்ளேயே முள்ளைக் கழட்டி விட்டேன். வெட்டின நரம்புத் துண்டுகளை அண்ணன் ஒரு காலி மாத்திரை டப்பாவுல போட்டுக்கிட்டே இருந்தார். ஃப்ளூரோகார்பன் வெயில்லயும் தண்ணியிலயும் சீக்கிரத்துல மக்காது, ஆத்தங்கரையில விட்டா பறவைங்க கால்லதான் சுத்தும். அந்த டப்பா இப்போ என் ஹாஸ்டல் மேஜை மேல இருக்கு. மிச்சமிருந்த 7எக்ஸ் ஸ்பூலும் அதுக்குள்ளதான்.