மேடிட்ட தழும்புகளுக்கு ஒளிச் சிகிச்சை: சிகிச்சை அனுபவம் கற்பிக்கும் பாடங்கள்

காது குத்திய சில மாதங்களில் மடலில் உருண்டு திரளும் கட்டியும், பரு ஆறிய பின் மார்பில் தடித்து நிற்கும் மேடும், காயம் ஆறுகையில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் அளவுக்கு மீறிச் சேர்வதால் உண்டாகின்றன. காயத்தின் எல்லைக்குள்ளேயே நின்று நாளடைவில் ஓரளவு தணிவது தடிப்புத் தழும்பு. எல்லை கடந்து நல்ல தோலிலும் படர்ந்து, வெறுமனே வெட்டியெடுத்தால் பெரும்பாலும் மீண்டும் வளர்வது கெலாய்டு. சென்னையின் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தோல் மருத்துவரை நாடிச் செல்வோர், தம்முடையது இவற்றுள் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சிகிச்சையின் போக்கும் எதிர்பார்ப்பின் அளவும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியைக் குறிப்பிட்ட நிறப்பொருள் மட்டுமே மிகுதியாக உறிஞ்சிச் சூடேறும் என்ற, ஒளிச் சிகிச்சைக்கு அடிப்படையான கோட்பாட்டை 1983இல் ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பேரிஷும் விளக்கினர். இதன்படி, 585 அல்லது 595 நானோமீட்டர் அலைநீளமுள்ள சாய லேசரின் ஒளியைத் தழும்புக்குள் ஓடும் நுண்குழாய்களின் ஹீமோகுளோபின் உறிஞ்ச, அக்குழாய்கள் அடைபட்டுச் சிவப்பும் அரிப்பும் குறைகின்றன, மேடும் மெல்ல இளகுகிறது.

ஆயினும் அதே ஒளியை, தோலுக்குக் கருமை தரும் மெலனினும் உறிஞ்சுவதால், மாநிறமும் கருநிறமும் மிகுந்த சென்னைவாசிகளுக்குக் கொப்புளமும், கருந்திட்டும், வெளிறிய திட்டும் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே ஆற்றலைக் குறைத்து, தோலைக் குளிர்வித்து, மறைவான சிறு இடத்தில் சோதித்த பிறகே தொடர்வது முறை. மெலனின் குறைவாக உறிஞ்சும் 1064 நானோமீட்டர் லேசரும் பல வேளைகளில் பரிசீலிக்கப்படுகிறது.

ஒளி மட்டுமே கெலாய்டை அடக்குவது அரிது என்பது இச்சிகிச்சையின் முதன்மையான பாடம். தழும்புக்குள் செலுத்தப்படும் டிரையாம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசியுடனும், நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒட்டிவைக்கும் சிலிக்கோன் தாளுடனும் சேர்ந்தே அது நற்பயன் தருகிறது. அமர்வுகளுக்கிடையே நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை விடப்படுவதால், மாற்றம் புலப்பட மாதங்கள் ஆகும். ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைப்பவரே அதைச் சரியாக அளக்க முடியும்.

அடையாறிலிருந்து இருசக்கர வாகனத்தில் நண்பகல் வெயிலில் சென்று அலுவல் பார்ப்போர், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் தழும்புள்ள இடத்தைத் துணியாலும் சன்ஸ்கிரீனாலும் காப்பது இன்றியமையாதது. வெயிலில் கறுத்த தோலில் லேசர் பாய்ச்சுவதைத் தள்ளிப்போடுவதே நல்லது. முன்பணம் கட்டி மொத்த அமர்வுகளையும் வாங்குவதற்கு முன், எந்த அலைநீளம், இயக்குபவர் தோல் மருத்துவரா, தம் நிறத்தையொத்த தோலில் அவருக்கு அனுபவம் உண்டா என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

தழும்பு அடியோடு மறையும் என்ற வாக்குறுதியை நம்பலாகாது. அரிப்பும் வலியும் தணிவதும், மேடு தாழ்வதுமே நியாயமான இலக்குகள். குடும்பத்தில் கெலாய்டு உள்ளவர்கள் இரண்டாவது காதணிக்கும் மூக்குத்திக்கும் குத்திக்கொள்ளாமல் இருப்பது, எந்தக் கருவியும் தர இயலாத பாதுகாப்பாகும்.